மெதுவாக ஓட வராதவள்

பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் பள்ளி மைதானத்துக்கு ஷூ விளம்பரம் எடுக்க வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. கேமரா சாமான்களை ஏற்றி வந்த டெம்போவை ஓட்டியது அப்பாதான். அதனாலேயே அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு தனி மிடுக்கு வந்திருந்தது.

விளம்பரக் கதை இதுதான்: ஒரு பெண் பந்தயத்தில் தடுக்கி விழுகிறாள், அழுகிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு எழுகிறாள், எல்லோரையும் முந்தி ஜெயிக்கிறாள். அதில் நடிக்க மும்பையிலிருந்து ஒரு மாடல் வந்திருந்தாள். அவள் முழங்காலில் சிவப்புச் சாயம் பூசிக் காயம் தயாரித்தார்கள். தோற்பதற்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் அக்காவும் ஒருத்தி. தாலுகா போட்டிகளில் வெறுங்காலோடு ஓடி ஜெயித்தவள். அவள் குதிகால் வெடிப்புகளுக்குச் சாயம் தேவைப்படவில்லை.

முதல் டேக்கில் மாடல் விழுந்து எழுவதற்குள் அக்கா முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டாள். அடுத்ததிலும் அப்படியே. டைரக்டரின் உதவியாளர் ஓடி வந்தார்.

"ஸ்வல்ப, கொஞ்சம் மெதுவா ஓடும்மா. அவங்கதான் ஜெயிக்கணும்."

"அவங்கள வேகமா ஓடச் சொல்லுங்க சார்," என்றாள் அக்கா.

மறுபடி எடுத்தபோது இன்னும் வேகமாக ஓடினாள். டைரக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, 'உங்க பொண்ணுதானே?' என்பதுபோல அப்பாவைப் பார்த்தார். அப்பா டெம்போவிலிருந்து இறங்கி வந்தார். அக்காவுக்கு அடி விழப்போகிறது என்று நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்பா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"அவளுக்கு மெதுவா ஓட வராது சார்."

அதில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. வண்டியில் என்ன கோளாறு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அக்காவை விலக்கிவிட்டுப் படத்தை எடுத்து முடித்தார்கள். அதன்பிறகு அந்தக் கம்பெனி அப்பாவைக் கூப்பிடவே இல்லை. டிவியில் வந்திருக்க வேண்டியவள் இப்படிக் கெடுத்துக்கொண்டாளே என்று நான் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு டிவியில் அந்த விளம்பரம் வந்தது. மாடல் விழுந்தாள், எழுந்தாள், இசை பொங்கியது. நான் கண் கலங்கிக் கைதட்டிவிட்டேன்.

அக்கா திரையையே பார்த்தபடி, "இவ எழுந்ததும் மத்தவங்க காலுக்கெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அக்காவுக்குப் பொறாமை, அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கையிலிருந்த வேலையை இழந்த மனிதர் இவ்வளவு பெருமையாக எதற்குச் சிரிக்கிறார் என்பதுதான் புரியவில்லை.