கட்லாவுக்கு வைத்த சாப்பாடு

எங்கள் பக்கத்தில் மீன் தின்றவர்கள் நிறையப் பேர் உண்டு. மீனுக்கு வைத்த சாப்பாட்டைத் தின்றவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது ஐந்தாம் வகுப்பு. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடும் மாமா வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றன. மாமா, அம்மாவின் தம்பி. பட்டாசுக் கம்பெனியில் மணிமருந்து செய்கிறவர். வானத்தில் போய்ப் பூவாய்ச் சிதறுமே, அந்தச் சின்ன உருண்டைகள்தான் மணிமருந்து. முந்தின சீசனில் அவர் வேலை பார்த்த ரூம் வெடித்தது. டீ குடிக்க வெளியே வந்திருந்ததால் இவர் வீடு திரும்பினார். கூட வேலை பார்த்தவர் திரும்பவில்லை. அத்தை மாமாவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, இனி மருந்தைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் அதில் பெரிய வருத்தம். தீபாவளிக்கு மாமா கொண்டுவரும் பை நின்றுபோயிற்று.

மாமா மானாவாரி நிலத்தின் ஓரத்தில் குட்டை வெட்டி, கட்லாக் குஞ்சு வாங்கி விட்டார். தவிடும் பேருக்குக் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் போட்டார். தலை மட்டும் பெருத்து உடம்பு தேறாமல், மீன்கள் அச்சு அசல் என்னைப் போலவே இருந்தன. மீன்வளத் துறைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தவிட்டில் வயிறு நிறையும், சதை பிடிக்காது, புரதம் வேண்டும் என்றார். கடைத் தீவனம் கட்டுப்படியாகாது என்று மாமா தலையைச் சொறிந்தார். அப்படியானால் மீன் கடையில் வெட்டி எறிகிற தலை, குடல், முள் எல்லாமே சத்துதான் என்றார் அவர். ஆனால் பச்சையாகப் போட்டால் தண்ணீர் கெட்டு, மீன் செத்து மிதக்கும். வேகவைத்து, காறிப்போகாமல் இருக்க எண்ணெயைப் பிழிந்தெடுத்து, காயவைத்துப் பொடித்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை தங்கையின் பிரசவத்துக்காகச் சாத்தூர் போயிருந்த சமயம் அது. அவள் வருவதற்குள் மீன்களைக் கொழுக்கவைத்துக் காட்டிவிட வேண்டும் என்பது மாமாவின் திட்டம். சிவகாசி மீன் கடைகளிலிருந்து கழிவை வாளியில் வாங்கி வருவோம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வாளியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. தெரு நாய்கள் அத்தனையும் சாமி ஊர்வலம் போல எங்கள் பின்னால் வரும். பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்ச் முழுவதும் எனக்கே கிடைத்தது.

காய்ந்த பொடியைத் தவிட்டோடும் மைதாப் பசையோடும் பிசைந்து, சல்லடையில் தேய்த்து, மாமா மாடியில் உட்கார்ந்து உருண்டை பிடிப்பார். ஒன்றுபோல ஒன்று இருக்கும். செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே கழற்றிவிடுவார். இரும்புக் கரண்டி ஆகாது, மர அகப்பைதான். உருண்டைகளைப் பலகைத் தட்டுகளில் இடம்விட்டுப் பரப்பி, தரையில் தண்ணீர் தெளித்து, மூலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் வைப்பார். மீன் தீனி வெடிக்குமா மாமா என்று கேட்டேன். “கை பழகிருச்சுலே” என்றார்.

அத்தை ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். வீட்டில் யாரையும் காணாமல், பையும் கையுமாக மாடிக்கு ஏறி வந்தவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். தட்டுத் தட்டாகக் கறுத்த உருண்டைகள். தண்ணீர் வாளி, மணல் வாளி. நடுவில் வெறுங்காலோடு மாமா.

“யாருக்கு ஆர்டர் எடுத்திருக்கீக?” என்றாள்.

மாமா சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. “ஏ புள்ள, இது மீனுக்குப் போடுற தீனி.”

“மருந்து வாடை தெருவுக்குத் தெரியக்கூடாதுன்னுதான மீன் குடலக் கொண்டாந்து வச்சிருக்கீக? எங்கிட்டயேவா?”

வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்கிறவர்கள் என்னென்ன வேலை செய்வார்கள் என்று எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மாமா என்ன சொன்னாலும் எடுபடவில்லை. அத்தை பையைத் திரும்பத் தோளில் மாட்டினாள். “இன்னொரு தடவ உங்களுக்காக அந்தக் கம்பெனி வாசல்ல போய் நிக்க என்னால ஆகாது. நான் சாத்தூருக்கே போறேன்.”

குடும்பத்தைக் காப்பாற்ற ஆள் வேண்டும். நான் இருந்தேன். “பாருங்க அத்த” என்று சொல்லி, இருப்பதிலேயே பெரிய உருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றேன். முதலில் உப்பு. பிறகு குடலின் கசப்பு. செதில் ஒன்று அண்ணத்தில் போய் அப்பிக்கொண்டது. அப்படியும் வீரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அத்தை பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள். “துப்புலே, துப்பு” என்று தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். பயத்தில் நான் பாதியை விழுங்கிவிட்டேன். விரலோடு வந்த மிச்சத்தை அவள் பார்த்தாள். முகர்ந்தாள். தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துத் தானும் கடித்தாள். மெதுவாக மென்றாள். ஈரத் தரையென்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களைத் தடவித் தடவி அழுதாள்.

தின்று பார்த்தவன் என்பதால் அவள் கஷ்டம் எனக்குப் புரிந்தது. கீழே ஓடிப்போய் ஒரு கை சீனி அள்ளிவந்து நீட்டினேன். வாயில் போட்டுக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை. ஒரு கைச் சீனிக்கெல்லாம் இந்தக் கசப்பு அடங்காது போலிருக்கிறது என்று, டப்பாவையே தூக்கிவரப் படியிறங்கி ஓடினேன்.