பூட்டிப்போட்டு வா

நேற்றுக் காலை என் காருக்கு நான்கு பிளக்குகளும் எயார் பில்ரரும் மாற்றினேன். கராஜில் விட்டால் அரை நாள் போய்விடும். கிளிநொச்சிக்கும் பளைக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்குகிற காருக்கு அரை நாள் என்பது பெரிய விசயம். அதனால் முற்றத்து வேப்பமர நிழலில் நிறுத்தி நானே கழற்றினேன். கடைக்காரப் பெடியன் புதுப் பிளக்குகளைத் தரும்போதே, இடைவெளி ஒன்றும் அளக்கத் தேவையில்லை, அப்படியே பூட்டுங்கோ அண்ணை என்று சொல்லியிருந்தான்.

கழற்றிய பழைய பிளக்கைக் கையில் எடுத்தேன். முனையில் கரி இல்லை. வெளிர் மண்நிறத்தில், பிஸ்கற்றை உடைத்த மாதிரி இருந்தது. இருந்தும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி இதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, கருவாடா வாங்கப் போறீங்க? மோந்து பாக்குறீங்க."

அவள் பூவரசங்குளத்தில் வளர்ந்தவள், அவளுடைய ஆட்களும் என்னைப் போலவே மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்குள் நாங்கள் பேசுவது இன்னும் மலைப் பேச்சுத்தான். கேற்றுக்கு வெளியே வந்தால் எனக்கு நாக்கு மாறிவிடும். கருவாடு என்று அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் நான் மோந்து பார்த்த முதல் பிளக் உண்மையிலேயே மீன் ஏற்றிய காருடையது. மண்ணெண்ணெய்க் கரியும் சூடைமீன் மணமும் கலந்த மணம் அதற்கு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. தேயிலைத் தோட்டத்தில் லொறி கழுவினேன், பிறகு ஓட்டினேன், பிறகு ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காமல் வன்னிக்கு வந்தேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் எண்ணம். அதற்குள் சண்டை முற்றிப் பாதையை மூடிவிட்டார்கள். பார்க்க வந்தவன் உள்ளே அகப்பட்டுக்கொண்டேன். மூன்று வாரம் ஒரு வயலில் கதிர் சுமந்தேன், முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் றெஜினா அக்காவிடம் ஒரு கார் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

றெஜினா அக்கா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவா. இடம்பெயர்ந்து வந்து கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தா. விடியற்காலையில் கரைப்பக்கம் போய் மீன் எடுத்து வந்து சந்தையில் கொடுப்பா. கார் ஒரு பழைய மொறிஸ் மைனர். பின் சீற்றைக் கழற்றி, அந்த இடத்தில் மீன்பெட்டி அடுக்குவோம். கழற்றிய சீற் கொட்டிலுக்குள் வாங்காகக் கிடந்தது. வருகிற ஆட்களை அதில்தான் இருத்துவா.

முதல் நாளே என் மானம் போனது. கார் ஒரு சில்லில்லாமல் கல்லின் மேல் நின்றது. காற்றுப் போன சில்லை ஒட்டிக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்திருந்தார்கள். அக்கா மீன்பெட்டியைக் கழுவிக்கொண்டே, "தம்பி, அந்தச் சில்லைப் பூட்டிப்போட்டு வா" என்று சொன்னா. எங்கள் பக்கம் பூட்டுவது என்றால் பூட்டுப் போடுவதுதான், சில்லு என்றால் மாட்டுவது. நல்ல பெறுமதியான சில்லு, கள்ளர் பயமாக்கும் என்று நினைத்து, கொட்டில் கதவில் தொங்கிய ஆமைப்பூட்டையும் சங்கிலியையும் எடுத்துச் சில்லை மரத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, திறப்பைப் பக்குவமாக அவாவிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

அக்கா திறப்பைப் பார்த்தா, மரத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"பூட்டுறதெண்டா உது இல்லையடா. கொழுவி, நட்டை இறுக்கிறது."

"நீங்கதாங்க பூட்டச் சொன்னீங்க."

அந்தக் கதை சந்தை முழுக்கப் போனது. ஒரு வருடம் கழிந்த பிறகும் மீன்காரப் பெண்கள் என்னைக் கண்டால், சில்லு பத்திரமோ என்று கேட்பார்கள்.

பெற்றோல் அப்போது மருந்து மாதிரி. சின்னப் போத்தலில் விற்பார்கள். கார் ஓடுவது மண்ணெண்ணெயில். அந்த வித்தையை அக்காவுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கரையில் படகு எஞ்சின்கள் எப்போதும் மண்ணெண்ணெயில்தானே ஓடின. படகுக்குச் செய்வதைக் காருக்குச் செய்தா. செப்புக் குழாயைப் புகைக் குழாயில் நாலு சுற்றுச் சுற்றி, மண்ணெண்ணெய் சூடாகிக் காபரேற்றருக்குப் போகிறபடி வைத்தா. ஓடத் தொடங்கினால் ஓடும். தொடங்க வைப்பதுதான் பாடு. அதற்குக் கொஞ்சம் பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்துக் காபரேற்றரின் வாய்க்குள் பீச்ச வேண்டும். அந்தப் போத்தலுக்கு எல்லோரும் வைத்த பெயர் சூப்பி. குழந்தை பால் குடிக்கிற அதே சூப்பிதான். ஆளாளுக்கு ஒரு சூப்பி இருந்தது, பசைப் போத்தல், சம்போ போத்தல் என்று. எங்களுடையது கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தல். அது எப்போதும் என் சேட்டுப் பையில் இருக்கும். எஞ்சின் நின்றால் கை தானாகப் பைக்குப் போகும்.

தினமும் மாலையில் பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டுவேன். இடைவெளி அளக்க அக்கா ஒரு துண்டுத் தங்கூசி தந்திருந்தா, மீன் பிடிக்கிற நைலோன் நூல். அது மட்டுமட்டாக நுழைந்தால் சரி. பான் பெல்ற் அறுந்தபோது வலைக் கயிற்றை முறுக்கிப் போட்டோம், இரண்டு நாள் தாங்கியது. எஞ்சின் ஒயில் பார்ப்பதிலும் எங்களுக்கு ஒரு வேறு கணக்கு. மற்றவர்கள் கம்பியை இழுத்துப் பார்த்து ஒயில் குறைந்தால் பயப்படுவார்கள். எங்களுக்குக் கூடினால்தான் பயம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலந்து மட்டத்தை ஏற்றிவிடும். அப்போது ஒயில் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும்.

இதெல்லாம் நடந்தது காரின் சொந்தக்காரருக்குத் தெரியாமல். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கார் அக்காவின் கணவர் மரியநாயகம் அண்ணையுடையது. படகொன்றை விற்று வாங்கியவர். கண் பார்வை மங்கி, ஒப்பரேசனுக்கு வவுனியாப் பக்கம் போன இடத்தில் பாதை மூடி அங்கேயே நின்றுவிட்டார். போகும்போது காரைக் கல்லில் ஏற்றி, படங்குத் துணி போட்டு மூடி, நான் பெற்றோலோடு வருமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது, படகுக்கு மண்ணெண்ணெய், காருக்குப் பெற்றோல் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா நான்கு மாதம் பொறுத்தா. பிறகு படங்கைக் கழற்றினா. செஞ்சிலுவைக்காரர் மூலம் கடிதம் அனுப்பும்போதெல்லாம் கார் பத்திரம் என்று ஒரு வரி சேர்ப்பா. அது பொய்யில்லை என்பது அவாவுடைய வாதம்.

மூன்று வருடம் கழித்துப் பாதை திறந்தது. பெற்றோல் வந்தது. அண்ணையின் கடிதமும் வந்தது: ஒப்பரேசன் முடிந்தது, வருகிற வியாழன் சோதனைச் சாவடிக்கு வருவேன், பெற்றோல் ஊத்தி ஆரிடமாவது காரை எடுத்துக்கொண்டு வரச் சொல்.

அக்காவை நான் அப்படிப் பயந்து பார்த்ததில்லை. அந்த மனிசன் பார்த்தவுடன் பிடித்துவிடுவார், அவருக்குக் கார் என்றால் உயிர், இனி இந்த வீட்டில் எனக்குக் கதை இல்லை என்று புலம்பினா. எங்களுக்கு மூன்று நாள் இருந்தது. செப்புக் குழாயைக் கழற்றிப் பற்றைக்குள் எறிந்தோம். எண்ணெய் ராங்கை இறக்கிப் பெற்றோலால் அலசினோம். ஒயிலை மாற்றி, புதுப் பிளக்குகளைப் பூட்டி, ஊறிப்போன றப்பர் குழாய்களை வெட்டி எறிந்து புதியவை போட்டேன். புகைக் குழாயின் கரியை அக்கா தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்த்தா. வாங்காகக் கிடந்த பின் சீற்றை மறுபடி காருக்குள் பூட்டினேன். பிள்ளைகள் தேசிக்காயால் உள்ளே முழுக்கத் துடைத்தார்கள். மீன் மணம் இருந்தால் பரவாயில்லை, கரையில் பிறந்த மனிசன். மற்ற மணம்தான் போகவேண்டும்.

வியாழக்கிழமை நானும் அக்காவும் மட்டும் போனோம். முறிகண்டியில் நிறுத்தச் சொல்லித் தேங்காய் உடைத்தா. வேதக்காரி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாமா என்று பகிடியாகக் கேட்டேன். கடலுக்கு மாதா, ரோட்டுக்குப் பிள்ளையார், பேசாமல் ஏறு என்றா.

சாவடியில் பொட்டல் வெயிலில் நான்கு மணித்தியாலம் நின்றோம். சனங்கள் பையோடும் பெட்டியோடும் நடந்து வந்தார்கள். அண்ணை வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, யாரோ ஒருவருடைய தோளில் கைவைத்தபடி வந்தார். ஆள் மாப்பிள்ளை மாதிரி வாறார் பார் என்று அக்கா சிரித்தா. கிட்ட வந்ததும் அவர் காரின் பொனற்றைத் தொடக் கையை நீட்டினார். கை ஒரு சாண் தள்ளி வெறுங்காற்றில் போனது. அக்காவின் சிரிப்பு நின்றது.

"ஒப்பரேசன் சரிவரேல்லை" என்றார் அண்ணை. "எழுத விருப்பமில்லாமல் விட்டிட்டன்."

அக்கா அவருடைய கையைப் பிடித்துப் பொனற்றின் மேல் வைத்தா. அவர் அதைத் தடவினார், மட்கார்ட்டைத் தடவினார், முன் சீற்றில் ஏறி இருந்தார். நான் ஸ்ராட் பண்ணினேன். வெயிலில் நின்ற எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டு தரம், மூன்று தரம். அக்காவை என் சீற்றில் இருத்தி, ஸ்ராட்டரை இழுக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் பொனற்றைத் திறந்தேன். அடுத்து நடந்ததை என் கை செய்தது, நான் செய்யவில்லை. அது பைக்குப் போய், சூப்பியை எடுத்து, வெயிலில் சூடேறியிருந்த எஞ்சினின் வாய்க்குள் பெற்றோலைப் பீச்சியது. படார் என்று ஒரு சுவாலை வெளியே வந்து என் மீசையின் பாதியைக் கொண்டுபோனது. எஞ்சின் ஸ்ராட் ஆகிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

"என்ன வெடிச்சது தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணே." பயந்தால் எனக்கு மலைப் பேச்சு வந்துவிடும்.

அண்ணை மூக்கை உறிஞ்சினார். மயிர் எரிந்த மணத்துக்கு என்று நினைத்தேன். அவர் குனிந்து சீற்றை மோந்தார்.

"மண்ணெண்ணெய் மணக்குது."

"லாம்பு ஊத்துப்பட்டது" என்றா அக்கா.

"லாம்பு எத்தினை வருசமா ஊத்துப்பட்டது?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "மூண்டு வருசம்" என்றா. "பிள்ளையள் சாப்பிட வேணுமே."

அண்ணை என் பக்கமாகக் கையை நீட்டி, கையில் வைத்திருப்பதைத் தா என்றார். கொடுத்தேன். போத்தலை உருட்டினார், மூடியைத் தடவினார்.

"இது என்ர கண் மருந்துப் போத்தல் எல்லே. எனக்குத்தான் உதவேல்லை. இதுக்கெண்டாலும் உதவினதே."

அதைத் தன் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, என் மீசையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினா. முறிகண்டி தாண்டும்வரை நிறுத்தவில்லை. அண்ணை மட்டும் தலையைச் சரித்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்து, மூன்றுதான் வேலை செய்கிறது, நாலாவதன் வயரை ஒழுங்காகக் கொழுவவில்லை என்றார். பார்த்தேன். உண்மைதான்.

அதன் பிறகு சில வருடம் நல்ல பெற்றோலில் ஓடினோம். பாதை மறுபடி மூடிய கிழமை நான் பெற்றோல் முடிந்த காருக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணை பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினார். அத்தனை நாளும் அங்கேயே வைத்திருந்திருக்கிறார். செப்புக் குழாயை எந்தப் பற்றைக்குள் எறிந்தாய், போய்த் தேடு என்றார்.

கடைசி இடம்பெயர்வில் பின் சீற்றைத் திரும்பவும் கழற்றினோம். பானை சட்டி, பாய், அரிசி மூட்டை, அதன்மேல் பிள்ளைகள். கிழக்கே, கரைப்பக்கமாக, ஒவ்வொரு ஊராக. ஒரு நாள் மண்ணெண்ணெயும் முடிந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் லொறிகள், உழவு இயந்திரங்கள், பஸ்கள். அவற்றுக்கு நடுவில் எங்களுடையதையும் ஓரங்கட்டினேன். தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். அக்கா திரும்பி என்னிடம் சொன்னா:

"தம்பி, காரைப் பூட்டிப்போட்டு வா."

ஒரு கணம் நின்றேன். பூட்டுவதற்கு ஒன்றும் கழன்றிருக்கவில்லை. பின் கண்ணாடி உடைந்து எத்தனையோ நாள், அந்த வழியாக ஒரு மாடே நுழையலாம். இருந்தாலும் கண்ணாடிகளை ஏற்றி, இரண்டு கதவையும் திறப்பால் பூட்டி, ஓடிப்போய்த் திறப்பை அண்ணையிடம் கொடுத்தேன். சூப்பி இருந்த பைக்குள் அதையும் போட்டுக்கொண்டார்.

அண்ணை அந்தக் கரையிலிருந்து திரும்பவில்லை. சேட்டுப் பையில் இருந்தவையும் அவரோடு போயின. அக்கா இப்போது முல்லைத்தீவில் மூத்த மகளோடு இருக்கிறா. சண்டை முடிந்து ஆட்கள் திரும்பிப் போக விட்ட பிறகு ஒருமுறை அந்த ரோட்டுக்குப் போனேன். வெளி முழுக்கத் துருப்பிடித்த வாகனங்கள். ஒரு பகல் முழுக்க நடந்தும் எங்களுடையதைக் காணவில்லை. அடுத்த முறை போனபோது அந்த வெளி வெறுமையாக இருந்தது, பழைய இரும்புக்கு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். இப்போது கடையில் சூப்பி என்று கேட்டால், பிள்ளைக்கு எத்தனை மாதம் என்கிறார்கள்.

நேற்று நான்காவது பிளக்கின் வயரையும் அழுத்திக் கொழுவினேன். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நல்லது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பொனற்றை மூடினேன்.

"மாட்டியாச்சா?" என்று மனைவி வாசலிலிருந்து கேட்டாள்.

"பூட்டியாச்சு" என்றேன்.