ஆயுத பூஜையன்று மவுண்ட் ஹாரியட்

நேற்று மளிகைக் கடையில் பார் சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "சாப்பிடவா போறீங்க தீதி?" என்றார் கடைக்காரர். அவருக்கென்ன தெரியும். அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்குக் காலில் அட்டை ஊரும்.

சுனாமிக்குப் பிறகு சில வருடங்கள் அபர்டீன் பஜாரில் ஒரு தையல் கடையில் நானும் சரோஜாவும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்தோம். அவள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்காரி. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை அலை வாரிக்கொண்டு போன பிறகு போர்ட் பிளேயருக்கு வந்தவள். குழம்பு மீனின் தலையை அவளுக்கென்றே ஒதுக்கி எடுத்துப் போவேன். பிறகு அதே தோட்டத்து ராணி வேலைக்குச் சேர்ந்தாள். நான் கொண்டுபோன தலையை சரோஜா எடுத்து ராணியின் டப்பாவில் வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது, சாப்பாடே இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துவிட்டால் அன்று முழுக்க மெஷினைத் தொடக்கூடாது. அந்த ஓய்வில்தான் மூவரும் பாம்பூபிளாட்டுக்குப் படகேறி, மவுண்ட் ஹாரியட் காட்டுக்குப் போனோம். மழை விட்டும் விடாத ஐப்பசி. இலைக்கு இலை அட்டை எழுந்து நின்று ஆடியது. ராணி இடுப்பு முடிச்சிலிருந்து சோப்புத் துண்டை எடுத்தாள். ரப்பர் பால் வெட்டப் போகும்போது தோட்டத்தில் அப்படித்தான் காலில் பூசிக்கொள்வார்களாம். சரோஜாவின் காலிலும் அவளே குனிந்து பூசிவிட்டாள்.

"நீங்களும் பூசிக்கங்க அக்கா."

"நை நை, வேணாம், எங்கிட்ட உப்பு இருக்கு."

உப்பு மழையில் கரைந்து வெறும் காகிதம்தான் கையில் இருந்தது. அன்று என் ரோஷம் குடித்த ரத்தம் கொஞ்சமல்ல.

வழியெல்லாம் அவர்கள் இருவருக்கும் லயத்துப் பேச்சு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துச் சிரிப்பு. மேலே கடல் தெரியும் இடம் வந்ததும் நின்றார்கள். இருவரும் தெற்கே பார்த்தார்கள். அங்கிருந்து கச்சால் தெரியாது, அது அவர்களுக்கும் தெரியும். ராணி சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுக்கு வீடும் போனது, ஆட்களும் போனார்கள். எங்கள் வீட்டில் ஒரு சுவர் விரிசல் விட்டதோடு சரி. சொன்னால் அடிக்க வருவீர்கள், அந்தச் சாவுகளின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

"புது வீடு குடுக்குறாங்களாம். திரும்பிப் போயிரலாமாடி?" என்றாள் ராணி.

சரோஜா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஜகாஜ் என்னைக்கு?" என்று கப்பலைத்தான் விசாரித்தாள்.

பொங்கலுக்குள் போய்விட்டார்கள். தையல் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அந்த மலைக்கும் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். சரோஜா எப்போதாவது போன் செய்வாள். வாய்க்கு வாய் ராணிதான். முன்பெல்லாம் அன்று முழுக்க நான் பாத்திரத்தை நங் நங்கென்று வைப்பேன். போன மாதமும் பேசினாள், ராணி புராணம் வெகுநேரம் ஓடியது. கீரை ஆய்ந்துகொண்டே ம் கொட்டினேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, எனக்கு வயிறு கொஞ்சம்கூட எரியவில்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டு அழுதேன்.