பெட்ரோல் டேங்க்கைக் கழுத்துவரை ரொப்பியவனின் சென்னைப் பயணம்

சென்னையில் இதய அறுவைச் சிகிச்சை முடிந்த என் மாமியாரைப் போன சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. எங்கள் வீடு புதுச்சேரி சாரத்தில். கடற்கரைச் சாலை வழியாக 158 கிலோமீட்டர். "வாடகை வண்டி எதுக்கு, நம்ம கார்லயே மெதுவா கூட்டிட்டு வரலாம்" என்று சவடால் அடித்தவன் நான்தான். வியாழன் மாலை வேலை முடிந்து திரும்பும்போது என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. காலையில் அணைந்துவிடும் என்று நினைத்தேன். வெள்ளி காலை 6.10க்குக் கிளப்பினால், இரண்டு முறை இருமிவிட்டுத்தான் கிளம்பியது. விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது.

என் மனைவி ரோசி வாசலிலிருந்து பார்த்துவிட்டாள். "இந்த லைட்டு எரிஞ்சா எங்கம்மாவ இதுல ஏத்தமாட்டேன். நெஞ்ச பொளந்து தெச்சிருக்காங்க. நடுவழியில நின்னா இன்னா பண்ணுவீங்க?"

நான் மரக்காணத்தில் பள்ளி ஆசிரியன். மெக்கானிக் வேலை வீடியோ பார்த்து வந்த ஆசை. அன்று லீவு போட்டுவிட்டு, 1,150 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த வண்டியின் கோளாறைச் சொல்லும் தீப்பெட்டி அளவு ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினேன். போனில் பதில் வந்தது: என்ஜினுக்குள் பெட்ரோல் அதிகம். விளக்கு எரிந்த நொடியில் வேகம் 42, என்ஜின் சூடு 91 டிகிரி என்பதையும் குறித்து வைத்திருந்தது. நான் பதறிய அதே நொடியில் அது நிதானமாகக் குறிப்பெடுத்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஏர் ஃபில்டரைப் பார்த்தேன், சுத்தம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி மாட்டியதில் ஒரு மணி நேரம் போனது. மறுபடி ஓடவிட்டால் போனில் மைனஸ் 24 என்று ஒரு எண். அதாவது வழக்கமாக ஊற்றும் பெட்ரோலில் கிட்டத்தட்ட கால் பங்கை வண்டியின் கம்ப்யூட்டர் தானாகவே குறைத்துவிட்டது. அப்படியும் எங்கிருந்தோ மிச்சம் வந்துகொண்டிருக்கிறது. எங்கிருந்து?

ரோசி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ஏங்க, பெட்ரோல் நாத்தம் தாங்கல. நேத்து எங்க ரொப்புனீங்க?"

"கனகசெட்டிக்குளத்துல, நம்ம எல்லை பங்க்ல."

"வண்டிய ஆட்டுனீங்களா?"

ஆட்டினேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் ஊரில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. எல்லை தாண்டிப் போகிற எவனும் டேங்க்கைக் கழுத்துவரை ரொப்பாமல் போகமாட்டான். பம்ப் டக்கென்று தானாக நின்ற பிறகு, வண்டியைப் பிடித்து ஆட்டி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, இன்னும் ஒரு லிட்டர் ஊற்றுவோம். சென்னைப் பயணம் இருக்கிறதே என்று நானும் ஆசை தீர ஆட்டியிருந்தேன்.

டேங்க்கிலிருந்து எழும் ஆவி வீணாகாமல் இருக்க ஒரு டப்பா இருக்கிறது. அதற்குள் இருப்பது வெறும் கரி. ஆவியைக் குடித்து வைத்து, ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக என்ஜினுக்குக் கொடுக்கும். என்ஜின் ஆறிய பிறகு அதன் குழாயைக் கழற்றினேன். ஆவி வர வேண்டிய இடத்தில், நான் ஆட்டி ரொப்பியதில் டேங்க்கிலிருந்து வழிந்த பெட்ரோலே சொட்டியது. குழாயை அடைத்து ஓடவிட்டேன். மைனஸ் 24, 15, 9, 4. ஒரு கைப்பிடிக் கரி செய்கிற வேலையா இது!

டப்பாவை மாலை நான்கு மணிவரை நிழலில் காற்றாட வைத்து மாட்டினேன். ஸ்கேனரால் விளக்கை அணைத்துவிட்டு நோணாங்குப்பம் படகுத்துறைக்கு இரண்டு நடை, மொத்தம் 34 கிலோமீட்டர். விளக்கு எரியவில்லை. ரோசி அரை மனதோடு சம்மதித்தாள்.

சனி காலை 6.30க்குக் கிளம்பி 10.05க்குச் சென்னை. திரும்பும்போது 55க்கு மேல் போகவில்லை. பின்சீட்டில் அத்தை நெஞ்சோடு தலையணையை அணைத்திருந்தார். பக்கத்தில் ரோசி, கையில் போன், கண் அந்த எண்களில்.

இதே வழியில் வருகிறவர்களுக்கு: பம்ப் முதல்முறை நின்றதும் போதும் என்று சொல்லுங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் என்னைப் போல விளையாடாதீர்கள், ஓரங்கட்டி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெட்ரோல் குழாயைத் திறந்த வெளியில் மட்டும் தொடுங்கள்.

மரக்காணம் நெருங்கும்போது அத்தை கேட்டார்: "இன்னாடி அதையே பாத்துட்டிருக்க?"

"வண்டி நல்லா ஓடுதான்னும்மா."

"அதான் மாப்ள பாத்துட்டாரே."

இவ்வளவு பெரிய நம்பிக்கைக்கு நான் என்ன படித்திருக்கிறேன்? கண்ணாடியில் பார்த்தேன். ரோசி போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.