ஹைறுன்னிஸா கொண்டுவரும் குரல்கள்

கேட்கும்போது ஹைறுன்னிஸா கண்ணை மூடிக்கொள்கிறார். பிடவை மூட்டையைக் குசினி வாசலில் இறக்கிவைத்து, சுவரில் முதுகைச் சாய்த்து, பேசுகிறவர் பக்கம் வலது காதைக் கொடுக்கிறார். உதடு மட்டும் மெல்ல அசைகிறது. அந்த வீட்டுப் பெண் மீன் கழுவியபடியே எரியாத தெருவிளக்கைப் பற்றிப் புலம்பி முடித்ததும் எழும்பி மூட்டையைத் தூக்கிக்கொள்வார். எதையும் எழுதிக்கொள்வதில்லை.

எங்கள் கடற்கரை வீதியில் முப்பது வருடமாகக் கைத்தறிப் பிடவை விற்கிறார். மெலிந்த உடம்பு, கட்டைக் குரல், தலையில் முக்காடு, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. ஊருக்கே அவர் ராத்தா, அக்கா. வருடக் கடைசியில் எங்கள் உள்ளூராட்சி சபை, அடுத்த வருட வரவுசெலவுப் பாதீட்டில் எந்த வீதிக்கு என்ன செய்யலாம் என்று மக்களிடம் கேட்க ஒவ்வொரு வட்டாரத்திலும் கூட்டம் வைக்கிறது. பெண்களுக்கும் கதிரை போடுகிறார்கள். வருகிறார்கள், இருக்கிறார்கள், வாய் திறப்பதில்லை. அடுப்படியில் ஆயிரம் குறை சொல்கிறவர்கள் மைக்கைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே அவர்களுக்காக ராத்தா எழும்புகிறார். யாரும் அவரை நியமிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நான் முதன்முதலாக அந்தக் கூட்டத்துக்குப் போனேன். ராத்தா எழும்பி வாய் திறந்தார். வந்தது என் மனைவியின் குரல். தண்ணீர்க் குழாயைப் பற்றிய முறைப்பாடு. நடுவில் அவள் வழக்கமாகப் போடும் அந்தப் பெருமூச்சு. "எங்கட மனிசனுக்கிட்டச் சொல்லி வேலையில்ல" என்ற வாசகம் உட்பட எல்லாம் வந்தது. மனைவியோ காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள். அவள் வந்துவிட்டாளோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். சுற்றியிருந்தவர்கள் நிதானமாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். பழகிவிட்டது அவர்களுக்கு.

ஜின் பிடித்திருக்கிறது, ஓதிப் பார்க்க வேண்டும் என்று சிலர் சொன்னதுண்டு. அதைக் கேட்டால் ராத்தாவுக்குக் கோபம் வரும். "ஜின்னுமில்ல, மண்ணுமில்ல. எனக்குச் சுருக்கிச் சொல்லத் தெரியா, அவ்வளவுதான். கேட்ட மாதிரித்தான் வரும். சபையில சொல்லி ஒப்படைச்சாப் போயிரும். ஒப்படைக்காட்டி உள்ளுக்க நிக்கும்" என்றார் என்னிடம். ஒரு சொல்லைக்கூட விட அவரால் முடியாது. ஒருமுறை வீதியோர வடிகான் நாற்றத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "டேய், மூக்கைத் துடைடா" என்றார். சபை உத்தியோகத்தர் வினோஜ் அதையும் எழுதிவிட்டுத்தான் கோடிழுத்து வெட்டினார். பக்கத்து ஊரான பாண்டிருப்புப் பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவர்.

இந்த வருடம் கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போனது. அதற்குள் முஸம்மிலா மௌத்தாகிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர், முப்பத்தாறு வயது, திடீர் நெஞ்சு வருத்தம். அதற்கு நாலு நாளைக்கு முன்புதான் ராத்தாவிடம் தன் குறையைச் சொல்லியிருந்தார்.

ஜனாஸா அடக்கம் முடிந்து ஒரு மாதம் போனபின் உடுக்கச் சாரன் வாங்க ராத்தா வீட்டுக்குப் போனேன். "வாங்க, இரிங்க" என்று உள்ளே இருந்து கூப்பிட்டது முஸம்மிலாவின் குரல். திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது, வெட்கத்தில் உட்கார்ந்தேன். ராத்தாதான் வந்தார். முஸம்மிலா வளர்த்த பூனை அவர் காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. சாரனின் விலையை அந்த இளம் குரலில் சொன்னார். மருமகள் பயந்து தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். தொழுகையில் பிஸ்மி சொன்னாலும் அந்தக் குரலில்தான் வருகிறதாம். உயிரோடிருப்பவர்களின் குரல் உள்ளே பொறுத்திருக்குமாம், இது பொறுக்கவில்லையாம். "எனக்கு என்ட குரல் வேணும் தம்பி. இது அவ நம்பித் தந்த அமானிதம். எத்தின நாளைக்கி நான் வெச்சிரிக்கிற?" என்று முஸம்மிலா கேட்டார். ராத்தா என்றுதான் எழுத வேண்டும், ஆனால் நான் கேட்டது அப்படி இல்லை.

ஒருவழியாகப் போன கிழமை அஸர் தொழுகைக்குப் பின் பல்தேவைக் கட்டடத்தில் கூட்டம் நடந்தது. ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் முஸம்மிலாவின் கணவர் நஸீர் இருந்தார். சம்மாந்துறை நெல் ஆலையொன்றில் லொறி ஓட்டுகிறவர். அவர்களுக்கு ஒரே பிள்ளை, நடக்க முடியாத பன்னிரண்டு வயது மகள். ஒரு நிறுவனம் கொடுத்த சக்கர நாற்காலி மூன்று வருடமாக வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. ஊர் பார்த்துப் பரிதாபப்படுவது நஸீருக்குப் பிடிக்காது. "என்ட புள்ள காட்சிப் பொருளில்ல" என்று சொன்னவர்.

ராத்தா எழும்பினார்.

"ராத்தா, எனக்கு இடுப்பு ஏலாமப் போகுது."

நஸீர் எழும்பி நின்றுவிட்டார். வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால் எழும்புவதுபோல, யோசிக்காமலே.

"அவர் லொறியில போனாப் பொறகு ஒவ்வொரு நாளும் புள்ளையத் தூக்கிட்டு வடிகானத் தாண்டுறன். கடலப் பாக்கோணும் எண்டு அழுவாள். காட்டிட்டு, அவர் வரக்குள்ள வீட்ட வந்திருவம். வாசல்ல கானுக்கு மேல ஒரு கொங்கிறீட் மூடி போட்டுத்தந்தா, நாற்காலிய அவளே உருட்டிட்டு வெளிய போவாள். நான் இல்லாட்டியும் போவாள். அவருக்கிட்டச் சொல்லிராதீங்க ராத்தா, சபைக்கிட்டச் சொல்லுங்க."

ஒரு சிறு இருமல். அது முஸம்மிலாவினுடையது. ரகசியம் காக்கச் சொன்ன சொல்லும் கணவனின் முன்னாலேயே வந்து விழுந்துவிட்டது. எனக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வினோஜ் பேனையை மூடினார். "ராத்தா, அவங்க இறந்து போயிட்டாங்க. அவங்கட பேரில பதிய ஏலாது. வாசல்ல வேலை செய்யிற எண்டா வீட்டுக்காரர்ர சம்மதமும் வேணும்."

"ஒப்படைக்கிறதுதான் என்ட வேலை தம்பி" என்றார் ராத்தா. அது அவருடைய பழைய கட்டைக் குரல். அவரே திடுக்கிட்டு, தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நஸீர் கதிரைகளுக்கிடையே நடந்து முன்னால் வந்தார். வினோஜின் மேசையைப் பார்க்கவில்லை; பெண்கள் பக்கம், ராத்தாவின் வாயைப் பார்த்தபடி நின்றார்.

"அந்தக் கடைசிச் சொல்ல மட்டும் இன்னொருக்காச் சொல்லுங்க ராத்தா."

"அவட குரல் போயிட்டு மகன்" என்றார் ராத்தா. "இனி வராது."

வினோஜ் மறுபடி பேனையைத் திறந்தார். "நஸீர் நாநா, ஒங்கட பேரில எழுதட்டா?"

நஸீர் சம்மதமாகத் தலையை ஆட்டினார்.

"கான் எவ்வளவு அகலம்?"

வினோஜ் ராத்தாவைப் பார்த்தார். "அவ சொல்லல்ல" என்றார் ராத்தா.

நஸீர் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, பிள்ளையைத் தூக்கிய ஒரு தாய் எட்டி வைக்கக்கூடிய அளவுக்கு அகட்டிக் காட்டினார். வினோஜ் எழுதி முடித்து அடுத்தவரைக் கூப்பிட்ட பிறகும் அந்தக் கைகள் இறங்கவில்லை.