ராஜா வேஷமும் ஒரு பிரஷர் குக்கரும்

எங்கள் பையன் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாமல் இல்லை. கீற்றுக் கூரை இருந்தது. அதைக் கான்கிரீட்டாக மாற்ற வேண்டுமென்று நிர்வாகக் கமிட்டிக்கு ஆசை. ஆசைப்படுவதில் தப்பே கிடையாது. ஆனால் அதற்காக என் பிள்ளை ஏன் வருஷா வருஷம் முயலாகவும் கிருஷ்ணனாகவும் ஆக வேண்டும் என்பதுதான் எனக்குப் புரிந்ததே இல்லை.

எழுபதுகளின் ஆரம்பம் அது. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் ஒரு போர்ஷனில் நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அடையாறில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை. எங்களுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்ததால், அங்கே மணி அடிக்கும்போது இவனுக்கு நான் தலை வாரிக்கொண்டிருப்பேன்.

கட்டட நிதிக்காக அந்தப் பள்ளிக்கூடம் கண்டுபிடித்த வழி, மாறுவேட விழா. குழந்தை வேஷம் போட ஒரு கட்டணம். அந்த வேஷத்தைப் பெற்றவர்கள் பார்க்க ஒரு டிக்கெட். நான் பெற்று, நான் குளிப்பாட்டி, நான் மை தீட்டி அனுப்பிய பிள்ளையை நானே காசு கொடுத்துப் பார்க்க வேண்டும். இது போதாதென்று அம்மாக்கள் எல்லாரும் பலகாரம் செய்து கொண்டுவந்து கடை போட வேண்டும். ஒரு வருஷம் நான் தேன்குழல் கொண்டுபோனேன். இடைவேளையில் பையன் பசி என்றான். அந்தக் கடைக்கே போய், என் தேன்குழலை நானே விலை கொடுத்து வாங்கினேன். விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "ஆத்துல பண்ணினது, நன்னா இருக்கும், தைரியமா வாங்கிக்கோங்கோ" என்று எனக்கே சிபாரிசு செய்தாள்.

இங்கே என் குக்கரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கத்துப் போர்ஷனில் ஒரு பிரஷர் குக்கர் வந்திறங்கியிருந்தது. அது விசில் அடிக்கும்போதெல்லாம் நான் இந்தப் பக்கம் ஸ்டவ்வில் வேகாத துவரம்பருப்பைக் கிளறிக்கொண்டு நிற்பேன். அந்த வயிற்றெரிச்சலை வார்த்தையில் சொல்ல முடியாது. எனக்கும் ஒன்று வாங்கியே தீருவது என்று ரவை டப்பாவுக்குள் காசு சேர்க்க ஆரம்பித்தேன். விசில் சத்தம் கேட்டால் என் பையன்கூட, "அம்மா, நம்ம குக்கர் எப்போம்மா கத்தும்?" என்பான்.

முதல் வருஷம் அவன் முயல். மெடிக்கல் ஷாப்பில் பஞ்சு வாங்கி, பழைய பனியன் முழுக்க மைதாப் பசையால் ஒட்டினேன். பசை காயவில்லை. மாட வீதியில் போகும்போது ஒரு பசுமாடு வாசனை பிடித்துப் பின்னாலேயே வந்து, முதுகை ஒரே நக்காக நக்கிவிட்டது. பாதி முயலாகத்தான் மேடை ஏறினான். அந்தப் பஞ்சுச் செலவில் குக்கரின் வெயிட் போயிற்று என்று அன்று ராத்திரி வாய்விட்டே புலம்பினேன்.

அடுத்த வருஷம் கிருஷ்ணன். மயிலிறகு, கொண்டை, பரத நாட்டியக் கடையில் வாடகைக்கு எடுத்த ஒட்டியாணம். நீல வண்ணத்துக்குத் தனியாக எதற்குச் செலவு என்று வேட்டிக்குப் போடும் நீலத்தையே கரைத்துப் பூசினேன். எல்லாரும் பிரமாதம் என்றார்கள். ஆனால் மறுநாள் குழந்தை அப்படியே நீலமாக இருந்தான். சீயக்காய், கடலைமாவு எதற்கும் அசையவில்லை. அந்த வாரம் தி.நகரில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் இலையை விட்டுவிட்டு இவனையே பார்த்தார்கள். ஒரு மாமி என் காதருகே வந்து, "குழந்தைக்கு மூச்சுத் திணறலா?" என்று கேட்டாள். அந்த வருஷம் குக்கரின் கைப்பிடி போயிற்று.

மூன்றாம் வருஷம் சர்க்குலர் வந்ததுமே பையன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். "நான் ராஜா."

காரணம் இருந்தது. லஸ்ஸுக்குப் போகும் வழியில் நாடக உடைகள் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று உண்டு. வாசலில் கத்திரிப்பூ நிற வெல்வெட்டில் ஜரிகை வைத்த ராஜா உடை தொங்கும். மேலே கல் பதித்த கிரீடம், பக்கத்தில் மரக் கத்தி. என்னோடு கடைத்தெருவுக்கு வரும்போதெல்லாம் பையன் அங்கே நின்றுவிடுவான். கடைக்கார பாய்க்கு அவனைத் தெரியும். "இன்னா நைனா, வந்துட்டியா? உன் கிரீடம் இங்கதான் கீது, எவனும் தூக்கினு போவல" என்பார்.

வாடகையைக் கேட்டுவிட்டு வந்த என் வீட்டுக்காரர் ஊஞ்சலில் உட்கார்ந்து வெகுநேரம் ஆடினார். அவர் அப்படி ஆடினால் ஏதோ யோசனை வருகிறது என்று அர்த்தம். நான் ரவை டப்பாவை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பேன்.

"ஏண்டி, இவனுக்குப் பழனிக்கு ஒரு மொட்டை பாக்கி இருக்கோன்னோ?"

இருந்தது. மஞ்சள் காமாலை வந்தபோது வேண்டிக்கொண்டது.

"காலாண்டு லீவுல போய் அடிச்சுண்டு வந்துடுவோம். மொட்டைத் தலை, ஒரு கோவணம், கையில ஒரு கம்பு. பழனியாண்டி வேஷம் ரெடி! வாடகைன்னு ஒரு பைசா கிடையாது. வேண்டுதலும் தீர்ந்தது, வேஷமும் ஆச்சு."

"ரயில் சார்ஜ்?"

"அது வேண்டுதல் கணக்குடி. வேஷத்துல சேராது."

இதற்கு மேல் அவரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை. பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆண்டிக்குக் கிரீடமே கிடையாதேப்பா" என்றான். "ஆண்டிதாண்டா எல்லா ராஜாவுக்கும் மேல" என்றார் அவர். பையன் நம்பவில்லை. நானும்தான்.

எழும்பூரில் ரயிலேறினோம். திண்டுக்கல்லில் இறங்கி பஸ் பிடித்தோம். பழனியில் ஜட்கா, தங்கும் அறை, அர்ச்சனை, மொட்டை அடித்துவிட்டவருக்குத் தனியாக சந்தோஷக் காசு. வேண்டுதல் கணக்கு மலைப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. பழனிக்குப் போய்விட்டுப் பஞ்சாமிர்தம் இல்லாமல் ஊர் திரும்ப முடியுமா? குடித்தனத்துக்கு ஒரு டப்பா, ஆபீசுக்கு ஒன்று, வகுப்பு டீச்சருக்கு ஒன்று. இவருடைய கைக்காசு மலை இறங்கும் முன்பே தீர்ந்துவிட்டது. மிச்சத்துக்கு, நான் பத்திரமாக இருக்கட்டும் என்று முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த ரவை டப்பாக் காசுதான் அவிழ்ந்தது. கைப்பிடி, வெயிட் என்று பாகம் பாகமாகப் போய்க்கொண்டிருந்த குக்கர், அடிவாரத்தில் மூடியோடு முழுசாகப் போய்விட்டது. ஏதோ கொஞ்சம் சில்லறை மிஞ்சியது.

மொட்டை போடும்போது பையன் அழவில்லை. சந்தனம் பூசி முடித்ததும் ஒரு கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டான். இரண்டு கையாலும் தலையைத் தடவினான். "இனிமே கிரீடமே நிக்காதேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதான். எனக்கு என் வீட்டுக்காரர்மேல் வந்த கோபத்துக்கு முருகன்தான் சாட்சி.

விழா நாள் வந்தது. விபூதிப் பட்டை, உருத்திராட்சம், கோவணம், கையில் எங்கள் வீட்டு ஒட்டடைக் கம்பு. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஐடியான்னா இது ஐடியா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மேடைக்குப் பின்னால் போனால், அங்கே ஏற்கெனவே ஒரு பழனியாண்டி நின்றுகொண்டிருந்தான். சரி, ஒருத்தன்தானே என்று நினைப்பதற்குள் இன்னொருவன் வந்தான். அவன் பின்னால் அண்ணனும் தம்பியுமாக இரண்டு ஆண்டிகள். காலாண்டு லீவில் மயிலாப்பூரின் வேண்டுதல் பாக்கி அத்தனையும் தீர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் ஆண்டிக்குப் பின்னாலும் ஓர் அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். யாரும் யாரையும் நேருக்கு நேர் பார்க்கவில்லை.

இதில் ஓர் ஆண்டிக்கு மட்டும் காதுக்குப் பின்னால் முடி எட்டிப் பார்த்தது. உற்றுப் பார்த்தேன். மொட்டை விக்! எங்கே கிடைத்தது என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். "லஸ்ஸுக்குப் போற வழியில பாய் கடைல. வாடகை ரொம்பக் கம்மி மாமி" என்றாள். நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கீற்றுக் கூரையை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்டிகளைத் தனித்தனியாக மேடை ஏற்றினால் பொழுது விடிந்துவிடும் என்று டீச்சர் எல்லாரையும் ஒரே வரிசையாக நிறுத்திவிட்டாள். தலைமை தாங்க வந்திருந்தவர் ஒரு ரிடையர்டு அதிகாரி. தமாஷ் பேர்வழி. மைக்கை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். "முருகா, நீ எதுக்காகக் கோவிச்சுண்டு பழனிக்குப் போனே?"

"பழம் கெடைக்கல" என்றான் முதல் ஆண்டி.

"நீ?"

"பழம் கெடைக்கல."

எல்லா ஆண்டிகளும் அதையே சொன்னார்கள். வரிசையின் கடைசியில் எங்கள் பையன்.

"நீ எதுக்குப்பா கோவிச்சுண்டே?"

"ராஜா டிரஸ் கெடைக்கல."

 சபையில் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. அதிகாரி விடவில்லை. "யாருப்பா தரல?"

"அப்பா. வாடகை ஜாஸ்தியாம். ஆனா பழனிக்கு அதைவிட ஜாஸ்தி ஆயிடுத்து. அம்மாவோட குக்கரே போயிடுத்து."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னான். அவனுக்குப் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா கொடுத்தார்கள். மற்ற ஆண்டிகளுக்கு அதுவும் இல்லை.

 வீடு வரும்வரை இவர் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். ராத்திரி மோர் சாதம் சாப்பிடும்போது, "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு நேரே பாய் கடைக்குப் போய் நின்றார்.

"எந்த டிராமாவுக்கு சார்?" என்றார் பாய்.

"டிராமா இல்ல பாய். சும்மா, பையன் போட்டுக்கத்தான்."

பாய் குனிந்து பார்த்தார். "இன்னா நைனா, முடி எங்க?"

"பழனில."

ரவை டப்பாவில் மிஞ்சியிருந்த சில்லறையை நான்தான் வாடகைக்கு எண்ணி வைத்தேன். வெல்வெட் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கிரீடத்தை வைத்ததும் அது வழுக்கிக்கொண்டு வந்து மூக்கில் நின்றது. உள்ளேயிருந்து, "நான் சொன்னேனோல்லியோம்மா" என்று குரல் மட்டும் வந்தது. பாய் ஒரு சிவப்புத் துணியை எடுத்து மொட்டையைச் சுற்றி முண்டாசு கட்டி, அதன்மேல் கிரீடத்தை அழுத்தி வைத்தார். நின்றுவிட்டது. பையன் கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் உருட்டி எங்களைப் பார்த்தான். அப்படியொரு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த தெருவில் ஸ்டூடியோ. பின்னால் அரண்மனையும் ஏரியும் வரைந்த திரை. இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் நாற்காலியில் மகாராஜா. கறுப்புத் துணிக்குள்ளே தலையை விட்டிருந்த ஸ்டூடியோக்காரர், "தம்பி, கையை நீட்டு. ராஜா கட்டளை போடுற மாதிரி" என்றார்.

பையன் கையை அப்பா பக்கம் நீட்டினான்.

"அம்மாக்கு உடனே குக்கர் வாங்கணும். இது ராஜ கட்டளை."

"உத்தரவு மகாராஜா" என்றார் இவர்.  அந்த உத்தரவு நிறைவேற அடுத்த தீபாவளி போனஸ்வரை ஆயிற்று என்பது வேறு விஷயம்.

ஸ்டூடியோக்காரர் தலையை வெளியே எடுத்தார். ராஜா வாயைத் திறந்திருக்கும்போது படம் விழுந்துவிட்டதாம். இன்னொன்று எடுக்கலாம், அதற்குத் தனிக் காசு என்றார்.

"வேண்டாம், இதுவே இருக்கட்டும்" என்றேன் நான்.