முந்நூறு படிக்கு மேலே ஒரு வெள்ளை மடம்

என் வலது காலில் காலிப்பர் உண்டு. இரண்டு வயதில் வந்த போலியோ விட்டுப்போனது. தொடையிலிருந்து பாதம் வரை இரு பக்கமும் இரும்புக் கம்பி, நடுநடுவே தோல் வார், அடியில் கம்பியோடு பொருத்திய பூட்ஸ். முழங்காலில் ஒரு பூட்டு. நடக்கும்போது அதைப் போட்டுவிட்டால் கால் மரக்கட்டை மாதிரி மடங்காமல் நிற்கும். உட்கார வேண்டுமானால் கையால் நெம்பி எடுக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரீஸ் நாட்டுத் தீவுகளுக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது யாரும் கிரீஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் இந்தக் காலைத்தான் பார்த்தார்கள்.

எனக்குக் காரைக்குடியில் வீடு. சிவகங்கையில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனும் மதினியும் அமராவதிபுதூரில் விவசாயம் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கு அங்கேதான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்து நானும் மதினியும் என் போனில் ஏதேதோ பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வீடியோ வந்தது. கடலுக்கு மேலே செங்குத்தாக ஒரு மலை. அதன் இடுப்பில், பாறை இடுக்கில் சுண்ணாம்புப் பலகையைச் செருகியது போல ஒரு வெள்ளைக் கட்டடம். அமோர்கோஸ் என்ற தீவில் இருக்கும் பழைய மடம் என்று எழுதியிருந்தது.

"இதுக்குள்ள எப்படி போறாக?" என்று மதினி கேட்டார்.

"படி இருக்காம் மதினி."

"எம்புட்டு?"

தேடிப் பார்த்தேன். "முந்நூறு இருக்கும்னு போட்டிருக்கு."

மதினி என் காலைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உக்காந்து உக்காந்து ஏறுனா ஒரு பொழுதுல ஏறிரலாம்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பத்தேழு வயது. ஓய்வு பெற்ற பிறகு போகலாம் என்றால், தோள் அதுவரை தாங்குமா? காலிப்பர் போட்டவர்களுக்குக் கால் அல்ல, தோள்தான் முதலில் போகும். ஊன்றுகோலில் உடம்பை ஏற்றி ஏற்றி அது தேய்ந்துவிடும். போவதானால் அடுத்த வருடமே போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அரசு வேலையில் இருப்பவர்கள் வெளிநாடு போக அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தைப் படித்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குப் போறீக? சொந்தக்காரக யாரும் அங்க இருக்காகளா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"தீவு பாக்க."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "ராமேஸ்வரமும் தீவுதானம்மா."

"அது பாத்தாச்சு சார்."

கையெழுத்துப் போட்டார். அண்ணனிடம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. "வழியில விழுந்து கெடந்தா யாரு தூக்குவா?" என்றார்.

"மதினி வாராக."

"அவளா? திருப்பத்தூரத் தாண்டுனாலே வாந்தி எடுப்பா."

அடுப்படியிலிருந்து மதினியின் குரல் வந்தது. "எடுத்துட்டு வாறேன். என்ன இப்ப?"

 பாஸ்போர்ட் எடுக்கும்போது மதினியைக் கூட்டிக்கொண்டு அண்ணனே வந்தார்.

படி ஏறிப் பழகுவதற்கு இடம் தேடினேன். கோயில் மலைகளில் செருப்போடு ஏற முடியாது. பூட்ஸைக் கழற்றினால் எனக்குக் காலே இல்லை. கடைசியில் காரைக்குடி ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம் அகப்பட்டது. ஞாயிறு காலையில் பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு போவேன். ஒரு பக்கம் நாற்பது சொச்சம் படி. இடது காலை முதலில் வைத்து, ஊன்றுகோலை அழுத்தி, வலது காலை இடுப்போடு சேர்த்துச் சுழற்றித் தூக்க வேண்டும். முதல் நாள் இரண்டு தடவைக்கு மேல் ஏற முடியவில்லை. மூன்றாவது வாரம் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் வந்து, "யாரக் கூப்பிட வந்தீக?" என்றார்.

"யாரையும் இல்ல. ஏறிப் பழகுறேன்."

அவர் நம்பினது போலத் தெரியவில்லை. ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் தூரத்திலிருந்தே, "இன்னைக்கு அஞ்சா, ஆறா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஏழு என்று நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான் பயணச்சீட்டைப் பதிவு செய்தேன்.

ஏதென்ஸில் இறங்கி, பெரிய கப்பலில் நாக்ஸோஸ் தீவுக்குப் போனோம். அங்கே மூன்று நாள். ஊர் முழுக்க வெள்ளைச் சுவர், சந்து சந்தாக ஏறி இறங்கும் கல்பாதை. துறைமுகத்தை ஒட்டி ஒரு மேட்டில் பளிங்கு வாசல் ஒன்று தனியாக நிற்கிறது. கோயில் இல்லை, வாசல் மட்டும். அதன் வழியாகக் கடலைப் பார்க்கலாம். மதினிக்கு அந்த வாசலைவிட வழியில் நின்ற ஆடுகளின் மேல்தான் கண். "கழுத்துல மணியக் கட்டி விட்டிருக்காக. இந்தக் கல்லுக் காட்டுல என்னத்த மேயும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நல்ல மண் இல்லாத மலைச்சரிவுகளைக்கூடக் கல்வரப்புக் கட்டி, படிப்படியாகத் திருத்தி வைத்திருந்தார்கள். ஒரு வரப்பின் முன்னால் நின்று, சாந்து பூசாமல் கல் எப்படி நிற்கிறது என்று கையை விட்டே பார்த்தார்.

அமோர்கோஸுக்குச் சின்னக் கப்பல். வழியில் குட்டித் தீவுகளில் நின்று நின்று போகும். மதினி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒவ்வொரு தீவுக்கும் ஒரு தடவை வாந்தி. இடையில் தலையைத் தூக்கி, "தண்ணி இம்புட்டு நீலமா இருந்தா கண்ணு கூசுது ஆத்தா" என்றுவிட்டுத் திரும்பவும் பைக்குள் குனிந்துகொள்வார்.

தங்கிய வீட்டுக்காரப் பெண்மணி நல்லவர். மடத்துக்குப் போகிறேன் என்றதும் என் காலைக் காட்டி, தலையை ஆட்டினார். பஸ் நிற்கும் இடத்திலிருந்தே படம் எடுத்துக்கொள்ளலாம், அதுவே அழகாக இருக்கும் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன்.

முதல் நாள் தோற்றோம். பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் போய் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. மலையைச் சுற்றி வரும் காற்று ஆளைத் தள்ளியது. படிகள் அகலமானவை, ஆனால் ஒன்று போல ஒன்று இல்லை. நூற்றைத் தாண்டும்போது மேலிருந்து இறங்கி வந்தவர்கள், மத்தியானத்துக்குக் கதவை அடைத்துவிடுவார்கள், இனிப் போய்ப் பயனில்லை என்றார்கள். நான் நின்றேன். மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "படந்தான் எடுத்தாச்சுல்ல. போதும், வா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படம் பாக்கவா மதினி இம்புட்டுத் தூரம் வந்தேன்? அத அங்கனயே பாத்தாச்சே."

"ஏறி என்ன செய்யப் போற? சாமி கும்பிடவா? அது நம்ம சாமியும் இல்ல."

"ஏறணும். அவ்வளவுதான்."

பஸ் பிடித்துத் திரும்பினோம். அறைக்கு வந்து, கொண்டுபோயிருந்த சின்னக் குக்கரில் மதினி சோறு வைத்தார். பருப்புப் பொடி போட்டுப் பிசைந்து என் தட்டில் வைத்துவிட்டு, "நாளைக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும்தான். வெயில் இன்னும் சூடேறவில்லை. இருபது படிக்கு ஒரு தரம் சுவரில் சாய்ந்து நின்றேன். மதினி எனக்குக் கீழே இரண்டு படி விட்டு வந்தார், விழுந்தால் பிடிக்க. கையைக் கொடுக்கவில்லை, அது எனக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். முந்தின நாள் நின்ற இடத்தைக் கடந்தோம். இருநூற்றுக்கு மேல் ஏதோ ஒரு படியில் காலைத் தூக்கியபோது சடக்கென்று ஒரு சத்தம். கெண்டைக்கால் வார் அறுந்துவிட்டது. கம்பி காலிலிருந்து விலகி ஆடியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கீழே கடல். கையால் தொடக்கூடிய தூரத்தில் இருப்பது போல ஒரு மயக்கம். எனக்கு அழுகை வரவில்லை.  இப்படியே உட்கார்ந்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினால் எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தேன்.

மதினி என் முன்னால் மண்டியிட்டார். அறுந்த வாரைக் கழற்றிப் பார்த்தார். ஊரிலிருந்து தண்ணீர் பாட்டிலும் முறுக்கும் சுமந்து வந்த மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அதன் இரண்டு கைப்பிடிகளையும் பல்லால் கடித்து இழுத்துப் பிய்த்து, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, கம்பியைச் சேர்த்து என் கெண்டைக்காலில் சுற்றினார். வைக்கோல் கட்டுக் கட்டுகிற பழக்கம். காலில் ரத்தம் ஓடாத அளவுக்கு இறுக்கினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப நிக்கும். எந்திரி."

எழுந்தேன்.

மேலே வாசலில், கால்சட்டை போட்டு வந்த பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ள நீளத் துணிகள் தொங்கின. நாங்கள் இருவரும் சேலை. காவலுக்கு இருந்தவர் எங்களைப் பார்த்து உள்ளே போகக் கையைக் காட்டினார். ஆனால் அந்த வாசல் குட்டையானது. குனிந்து, படி ஏறித்தான் நுழைய வேண்டும். மடங்காத காலோடு குனிந்தால் நான் முன்னால் விழுவேன். அதனால் திரும்பி, வாசற்படியில் உட்கார்ந்து, கையை ஊன்றிப் பின்பக்கமாக நகர்ந்து உள்ளே போனேன். பின்னால் வந்த ஒரு கணவனும் மனைவியும் காத்து நின்றார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

உள்ளே எல்லாம் ஒடுக்கம். ஒரு பக்கம் சுவரே மலைப்பாறை. விளக்கு, மெழுகு வாசனை, கறுத்த பழைய படங்கள். மதினி கை கூப்பிக் கும்பிட்டார். முந்தின நாள் சொன்னதை நான் நினைவுபடுத்தவில்லை. ஒருவர் தட்டில் மாவுச் சர்க்கரை தூவிய இனிப்பும் இரண்டு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். இனிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கடல் பக்கம் திறந்திருந்த சின்ன மாடத்துக்குப் போனேன்.

அங்கிருந்து பார்த்தால் தரை தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் நேராகக் கடல்தான். ஒரு படகுகூட இல்லை. காற்று கீழேயிருந்து மேலே வந்தது. பெரிதாக ஏதாவது தோன்றும் என்று நான் எதிர்பார்த்திருக்கலாம். தோன்றியதெல்லாம், கெண்டைக்கால் மரத்துப்போய்விட்டது, இனிப்பு நன்றாக இருக்கிறது, இங்கே நான் என் காலால் வந்து நிற்கிறேன், இவ்வளவுதான். அந்த மூன்றாவதை இரண்டு மூன்று தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மதினி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார். "இங்க கொண்டாந்து கட்டியிருக்காக பாரு. கல்லு சொமந்தவுக பாவம்" என்றார்.

இறங்குவதுதான் கடினம். முடிச்சு தளர ஆரம்பித்தது. பாதிக்கு மேல் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். வாசலில் காத்து நின்ற கணவர் வந்து, தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு அவருக்கு வருத்தமாக இருக்குமோ என்று தோன்றி, ஊன்றுகோலைக் கொடுத்தேன். அவர் அதைக் கீழே வரை மிகுந்த கவனத்தோடு கொண்டுவந்தார்.

மலைமேல் உள்ள ஊரில் செருப்பும் பையும் தைத்து விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் காலிப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தடித்த தோலில் இரண்டு வார்கள் வெட்டி, ஒன்றைத் தைத்துப் பூட்டி, இன்னொன்றை மாற்றுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் தைக்கும்போது மதினி பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு தையல் போடுங்கய்யா, இங்கன" என்று தமிழிலேயே விரலால் காட்டினார். அவரும் போட்டார்.

மறுநாள் மத்தியானம் சாந்தோரினிக்குக் கப்பல். அன்று கடல் அமைதியாக இருந்தது. மதினி மேல்தட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"அங்குட்டும் படி இருக்கா?"

"பழைய துறைமுகத்துக்கு இறங்க ஐந்நூறுக்கு மேல இருக்காம் மதினி. கம்பியில தொங்கிப் போற வண்டியும் இருக்காம்."

அவர் உரிப்பதை நிறுத்தினார். "நாம எதுல போறோம்?"

"வண்டியில."

"அதான பாத்தேன்" என்று சொல்லி, பாதிப் பழத்தை என்னிடம் நீட்டினார்.